மேலே விழுந்த கார்

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட் இறங்கியது.

ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து காத்தான் இறங்கி நின்று முதுகை நிமிர்த்தினார். முப்பத்தோரு வருடம் பேருந்து நடத்துநர். அதில் ஒன்றரை வருடம் இந்தக் கேட்டிலேயே கழிந்தது என்பது அவருடைய கணிப்பு. ஓய்வு பெற்ற மறுமாதமே தஞ்சாவூரில் எழில்மொழியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவனுக்குக் கொலைகாரனைப் பிடிப்பது பெரிய காரியமா என்று கேட்டுத்தான் வேலை வாங்கினார். இரண்டு வருடமாகக் கொலை ஒன்றும் வரவில்லை. ஒரு ஆடு வந்தது. இன்று ஒரு கார்.

"காணாமப் போன காரா மேடம்?"

"இல்லண்ணே. வச்ச இடத்துலயேதான் இருக்கு. கொஞ்சம் உயரத்துல இருக்கு."

எழில்மொழி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முப்பத்தாறு வயது. முன்பு வாகனக் காப்பீட்டில் விபத்துகளை மதிப்பிட்டவள். நொறுங்கிய கார்கள் பொய் சொல்வதில்லை, ஓட்டியவர்கள்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டவள். கேட் திறக்கும்வரை நேரம் இருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

கூத்தாநல்லூர் சித்தீக் இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டு ஷெட்டில் குறைந்த செலவில் கார் லிஃப்ட் ஒன்று செய்தார். செவ்வாய்க்கிழமை மனைவியுடன் காரைக்காலுக்கு ஒரு நிக்காஹுக்குப் போனார். ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிலும், லிஃப்டைச் சுற்றும் கைப்பிடியைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை மாலை திரும்பிப் பூட்டைத் திறந்தால், தரையில் விட்டுப்போன கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பானட் மேல்தளத்து உத்தரத்தில் மோதி நசுங்கியிருக்கிறது. பூட்டு அப்படியே இருந்தது.

தெருவில் பாதிப்பேர் ஜின் வேலை என்றார்கள். ஜின் மீது புகார் எழுத ஸ்டேஷனில் வழியில்லை. ஆகவே சித்தீக் பரிதியின் பெயரைச் சொன்னார். லிஃப்டை வெல்டிங் செய்தவன் பரிதி. இரண்டாவது கைப்பிடி அவனிடம் இருந்தது; பூட்டைத் திறக்க இரும்பு வேலைக்காரனுக்குத் தெரியாதா என்பது சித்தீக்கின் வாதம்.

"அந்தப் பையனுக்கு மஸ்கட்ல வேலை கெடச்சிருக்கு," என்றாள் எழில்மொழி. "வாங்கிக் குடுத்ததே பாய்தான். திங்கக்கிழமை போலீஸ் சான்றுக்கு விசாரிக்க வர்றாங்க. இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் புகார் குடுப்பேன்னு பாய் நிக்கிறாரு. குடுத்துட்டா அந்த வேலை போச்சு."

"நம்மளக் கூப்புட்டது?"

"பாயோட சம்சாரம். கமருன்னிஸா. அஸர் வரைக்கும் தவணை வாங்கி வச்சிருக்காங்க."

அவள் கைபேசியை நீட்டினாள். சித்தீக்கின் வீடியோ. வீட்டிலேயே கார் லிஃப்ட், காசு வேண்டாம் மூளை போதும் என்று தலைப்பு. நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சித்தீக் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றினார். டக் என்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி டக். கார் விரற்கடை விரற்கடையாக மூக்கைத் தூக்கியது. முழுதும் தூக்க நான்கு நிமிடம் ஆயிற்று. நான்கு நிமிடமும் அவர் தன் மூளையைப் பற்றிப் பேசினார். திரையின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு நீலச் சட்டைக் கை வந்து எதையாவது முடுக்கிவிட்டுப் போயிற்று. கைக்கு முகம் இல்லை.

"அதான் பரிதி," என்றாள் எழில்மொழி.

"பேரு போடலையா?"

"நன்றி சொல்லியிருக்காரு. அல்லாவுக்கும், ரெண்டாவது மச்சானுக்கும்."

பரிதியின் பட்டறை கேட்டை ஒட்டியே இருந்தது. கேட் மூடியதால் ஊரில் ஒருவருக்காவது நன்மை நடந்தது என்றால் அது இன்றுதான்.

அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்தான். வந்த காரணத்தைக் கேட்கவில்லை. முந்தைய இரவு சித்தீக் தொலைபேசியில் பேசியது பட்டறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். உள்ளே போய் இரண்டாவது கைப்பிடியை எடுத்து வந்து கொடுத்தான். நீலப் பெயின்ட் அடித்த இரும்பு. எழில்மொழி அதன் சதுர முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. கயிறு சுற்றும் எந்த வின்ச்சிலும் இதை யாரும் ஒருமுறைகூடச் செருகியதில்லை.

தான் செய்யவில்லை என்று அவன் சொல்லவே இல்லை. அது காத்தானுக்குப் பிடித்திருந்தது. டிக்கெட் எடுத்தவன் எடுத்தேன் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.

கிளம்பும்போதுதான் ஒன்று சொன்னான்.

"காரைக் கெடுக்கணும்னா தரையில நிக்கையிலயே ஒரு சுத்தியல் போதும் மேடம். மெனக்கெட்டு மேல ஏத்தி எவன் கெடுப்பான்?"

அந்த லிஃப்டைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும் என்று எழில்மொழி கேட்டாள்.

"பாய்க்குத் தெரியும்னு பாய் நெனைக்கிறாரு," என்றான் பரிதி.

கேட் திறந்தது.

கூத்தாநல்லூரில் சித்தீக்கின் வீடு இரண்டு மாடி. ஷெட் அதன் பக்கவாட்டில் இருந்தது. சித்தீக் அவர்களை வரவேற்றுச் சமோசாவைக் காட்டி, லிஃப்டைக் காட்டி, மறுபடி சமோசாவைக் காட்டினார். ஐம்பது வயது. வீடியோவில் போலவே பேசினார். எதிரில் நாற்பத்தோராயிரம் பேர் உட்கார்ந்திருப்பதுபோல.

லிஃப்ட் எளிமையானது. கார் ஏறி நிற்க இரண்டு இரும்புப் பாதைகள். பின்முனை தரையில் கீல் வைத்துப் பொருத்தியது. முன்முனையில் கம்பிக் கயிறு. கயிறு மேலே உருளையில் ஏறி, சுவரில் இருந்த வின்ச்சைச் சுற்றி, பின்சுவர் ஓட்டை வழியாகக் கொல்லைக்குப் போயிற்று. அங்கே அதன் மறுமுனையில், இரும்புக் கூண்டுக்குள், மூடிப்பக்கத்தை அறுத்தெடுத்த பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் ஏழு மூட்டை நெல். காரின் முன்பாரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக அந்த நெல் தொங்கும். மிச்சப் பாரத்தை ஒரு கை சுற்றினால் போதும். கார் மேலே போகத் தொட்டி கீழே வரும். வின்ச்சில் ஒரு பற்சக்கரம், அதில் விழும் ஒரு கொக்கி. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு டக். ஏறிய கார் தானாக இறங்காது.

எடைக்கல் ஏன் வைக்கவில்லை என்று காத்தான் கேட்டார். கல்லுக்குக் காசு, நெல் வீட்டில் கிடந்தது என்றார் சித்தீக். அவருடைய நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் காத்தாயியின் விதை நெல் அது. அவள் தெருவில் மழைத் தண்ணீர் ஏறும் என்பதால் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"கோழி முட்டையை அடகுக்கு வாங்கி ஆம்லெட் போட்ட மாதிரி," என்றார் காத்தான்.

சித்தீக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்கவில்லை என்று முடிவு செய்தார்.

எழில்மொழி நீலக் கைப்பிடியைக் காட்டினாள். கீறலே இல்லை என்றாள். பெயின்ட் அரைமணியில் காயும் என்றார் சித்தீக். அதில் நியாயம் இருந்தது. தொட்டியை யாராவது தொட்டார்களா என்று கேட்டாள். வந்ததும் முதல் காரியமாக அதைத்தான் பார்த்தாராம். ஏழு மூட்டை விட்டுப் போனார், ஏழும் இருந்தன. எண்ணிக்கை மாறாதபோது கைப்பிடி போட்டுச் சுற்றாமல் கார் எப்படி ஏறும்? அதனால் பரிதி. அவர் இதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவருக்கே அது மனப்பாடமான பாடம்போல ஒலித்தது.

கமருன்னிஸா தேநீர் கொண்டுவந்தாள். கணவர் பேசி முடிக்கும்வரை நின்றாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் டீச்சர் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார் என்றும், அதை இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் எழில்மொழியிடம் சொன்னாள்.

பிரகதாம்பாள் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்று பதில் சொன்னார். வியாழக்கிழமை காலை பதினொன்று. தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். கடகடவென்று ஓடி, டம் என்று நின்றது. கமருன்னிஸா ஊரில் இல்லையே, யார் தைக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

"எவ்வளவு நேரம் ஓடுச்சு டீச்சர்?"

"பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சுது."

எழில்மொழி கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு மதில்மேல் வைத்தாள். டக். டக். இந்தச் சத்தமா என்று கேட்டாள். சத்தம் இதுதான், ஆனால் இது நடக்கிறது, அன்று ஓடியது என்றார் பிரகதாம்பாள்.

எழில்மொழி சித்தீக்கிடம் திரும்பினாள். நான்கு நிமிட வேலை பத்து விநாடியில் நடந்திருக்கிறது. அந்த வேகத்தில் கைப்பிடியைச் சுற்ற மனிதத் தோள் போதாது. பரிதிக்கு இருப்பது இரண்டு கை.

"அப்ப ஜின்தான்," என்றார் சித்தீக். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு அந்த நிம்மதியை அவரே தள்ளிவிட்டார். பரிதி மோட்டார் ஏதாவது வைத்திருப்பான், அவன் கெட்டிக்காரன் என்றார்.

"வீடியோவுல இத நீங்க சொல்லவே இல்லையே பாய்," என்றார் காத்தான்.

பதினொன்றரை தாண்டியது. காத்தான் கொல்லைக்குப் போனார். யோசிக்க அல்ல. ஒரு வாசனை அவரை இழுத்தது. ஷெட்டில் நின்றபோதே மூக்கில் பட்டது. இனிப்பும் புளிப்புமாக, வெதுவெதுப்பாக. நடத்துநர் ஆவதற்கு முன்பு, இருபத்தொன்பது வயதுவரை, அவர் அடுத்தவர் வயலில் நாற்று விட்டவர். மூக்கு அதை மறக்கவில்லை.

தொட்டி தரையில் உட்கார்ந்திருந்தது. மேலே வைக்கோல் மெத்தென்று பரப்பியிருந்தது. எலிக்காக யாரோ போட்டிருப்பார்கள் என்று சித்தீக் நினைத்தாராம். காத்தான் வைக்கோலுக்குள் கையை விட்டார். சாக்கில் பட்டதும் கை நின்றது.

"மேடம். இங்க வாங்க."

அவள் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. காத்தான் சாக்கின் இழையை விரலால் விலக்கினார். உள்ளே நெல்லின் மூக்கில் வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது. அரிசிப் பல் அளவு.

சித்தீக் பார்த்தார். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.

காத்தானுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பதினாலு ஏக்கருக்குச் சொந்தக்காரர். இது கெடவில்லை, பிறந்திருக்கிறது என்று சொன்னார். விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, வடித்து, வைக்கோல் மூடி ஒரு நாள் வைத்தால் இப்படித்தான் முளை கட்டும். ஊற ஒரு நாள், முளைக்க ஒரு நாள். இன்று சனி. விரல்விட்டுப் பின்னால் எண்ணினால் வியாழக்கிழமை காலை.

"தையல் மிஷின்," என்றாள் எழில்மொழி.

"முளை கட்டினவங்க உச்சிக்குள்ள தண்ணி தெளிக்க வருவாங்க மேடம். நாம தேடிப் போவ வேண்டாம். சமோசா மிச்சம் இருக்கு."

மூன்றாவது சமோசாவில் கொல்லைப் படல் திறந்தது.

காத்தாயி உள்ளே வந்தாள். அறுபது வயது இருக்கும். இடுப்பில் குடம். நான்கு பேர் வரிசையாக நின்று தன்னையே பார்ப்பதைக் கண்டு குடத்தை இறக்கினாள். சித்தீக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கணும் தம்பி. ஊருக்குப் போயிருந்தும் ஆள வுட்டு தொட்டிய எறக்கி வச்சியே. கெழவி ஏற முடியாதுன்னு நெனச்சிருக்க பாரு."

எழில்மொழி, நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டாள்.

காத்தாயிக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. தெருவுக்கே சம்பா விதை இதுதான். ஞாயிற்றுக்கிழமை நாற்றங்காலில் விட வேண்டும். புதன்கிழமை சித்தீக்குக்குத் தொலைபேசி செய்து, மூட்டையை இறக்கித் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் சொன்னபடியே வியாழக்கிழமை வந்தாள். தொட்டி தலைக்கு மேலே தொங்கியது. கொம்பால் ரப்பர் குழாயைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் தொட்டி தரையில் இருந்தது. பாய் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்தாள். தொட்டி நிரம்பியதும் குழாயை எடுத்தாள். மறுநாள் விடிந்து அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை விட்டு, வைக்கோல் போட்டாள். அவ்வளவுதான்.

எழில்மொழி சுருக்கமாகச் சொன்னாள். தண்ணீர் ஏற ஏறத் தொட்டி காரைவிடப் பாரமானது. தொட்டி இறங்கியது, கார் ஏறியது. பத்து விநாடி. பூட்டு கதவில் இருந்தது. கயிறு சுவர் தாண்டி வெளியே இருந்தது. மூட்டையை எண்ணினால் ஏழுதான். எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"தொட்டியிலயே ஊறப் போடச் சொன்னது யாரு?" சித்தீக்கின் குரல் உயர்ந்தது.

காத்தாயி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீதான் தம்பி. நான் வர்ற வரைக்கும் மூட்டையத் தொடாத, இருக்குற எடத்துலயே ஊறப் போட்டுக்கன்னு சொன்னியே."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். கமருன்னிஸா தரையைப் பார்த்தபடி, புதன்கிழமை பந்தியில் தான் அவர் பக்கத்தில்தான் இருந்ததாகச் சொன்னாள். பிரியாணி வந்துவிட்டது, இவர் தொலைபேசியைச் சீக்கிரம் வைக்கப் பார்த்தார். மூட்டையை எடுத்தால் லிஃப்டின் எடை மாறிவிடும் என்று வேறு பெருமையாகச் சொன்னார். ஊறப் போடுவது என்றால் அவருக்குப் பிரியாணி அரிசிதான் தெரியும். இரண்டு தம்ளர், ஒரு சட்டி.

சித்தீக் வேட்டியைச் சரிசெய்தார். எல்லாம் இருக்கட்டும் என்றார். லிஃப்டைச் சரியாகச் செய்திருந்தால் தொட்டி பாரமானாலும் கார் ஏறாமல் நின்றிருக்கும். ஏறாதபடி அவன் ஏன் ஒரு கொக்கி வைக்கவில்லை? அது பரிதியின் குற்றம். புகார் புகார்தான். தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மஸ்கட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

எழில்மொழி இதற்காகத்தான் காத்திருந்தவள்போலக் கைபேசியை எடுத்தாள். நாற்பத்தோராயிரம் பேரில் வீடியோவைக் கடைசிவரை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது என்றாள். தான் பார்த்ததாகச் சொன்னாள். சித்தீக் சலாம் சொல்லி முடித்த பிறகும் பதினோரு விநாடி ஓடுகிறது. நிறுத்த மறந்திருக்கிறார்கள்.

திரையில் ஷெட்டின் தரை மட்டும் தெரிந்தது. பரிதியின் குரல் கேட்டது. "பாய், மேல ஏறாம நிக்கவும் ஒரு கொக்கி போட்டுக்குவம். ஒரு நாள் வேலைதான்."

பிறகு சித்தீக்கின் சிரிப்பு. "கீழ விழாம இருந்தாப் போதும்பா. காரு மேலயா விழப் போவுது?"

வீடியோ முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. டீச்சர் இன்னும் இறங்கவில்லை.

சித்தீக் காரைப் பார்த்தார். அது இன்னும் உத்தரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"அஸருக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றாள் கமருன்னிஸா. "தொழுதுட்டே ஸ்டேஷனுக்குப் போறீங்களா, இல்ல இப்பவேவா?"

காத்தாயிக்கு இதில் எதுவும் முக்கியமில்லை. முளை நீளமானால் விதை வீண். மாலைக்குள் மூட்டை ஏழும் வெளியே வரவேண்டும், வண்டி வரப்போகிறது என்றாள். நல்ல காரியம் ஒன்றாவது செய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ, சித்தீக் தானே போய் ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார். காத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஓடும் பேருந்தில் படியில் தொங்குகிறவனைப் பிடிக்கிற பிடி.

மூட்டையை எடுத்துவிட்டால் தொட்டியில் பாரம் இருக்காது என்றார். அப்புறம் காரைத் தாங்குவது சுண்டுவிரல் அளவு கொக்கி ஒன்றுதான். அதை எடுத்தால் கார் தொப்பென்று விழும். எடுக்காவிட்டால் கார் அங்கேயே இருக்கும். பதமாக இறக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருத்தன்.

சித்தீக் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் அழுந்திவிட்டது. மணி ஆறு முறை அடித்தது. எடுக்கும் சத்தம் கேட்டது. பின்னால் நீடாமங்கலத்து ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று.

சித்தீக் முதலில் கேட் திறந்திருக்கிறதா என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். விசாரணை திங்கட்கிழமைதானே, எல்லாம் நல்லபடி முடியும் என்றார். தொண்டையைச் செருமினார். கார் மேலேயே நிற்கிறது, இறக்க வேண்டும், நீ வந்தால்தான் முடியும், கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றார்.

ரயில் போய் முடிந்தது. பிறகு பரிதியின் குரல் வந்தது. கோபமாக இல்லை. வேலைக்குக் கூப்பிட்ட ஒருவனிடம் முகவரி கேட்கிற குரல்.

"எங்க வரணும் பாய்? ஷெட்டுக்கா, ஸ்டேஷனுக்கா?"